ரியாத்தில் ரஹீமாவாக இருந்த உன் அம்மா

மகனே, பாதி படித்துவிட்டு மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. கரண்ட் பில்லிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். இந்தக் கடிதத்துக்கு அந்த மரியாதை வேண்டாம். உட்கார்ந்து முழுவதும் படி. உன்னோடு ரியாத்துக்குப் புறப்படுகிற மற்ற இரண்டு பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. இதில் மறைக்க வேண்டியது எதுவும் இனி இல்லை. மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ கேட்டாய், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், இரண்டு வருடம் இருந்தவர்தானே, சொல்லுங்கள் என்று. நான் வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். உனக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். நுவரெலியா ஹோட்டலில் ரிசப்ஷனில் நின்று வெள்ளைக்காரர்களுக்கு ஹோர்டன் சமவெளிக்கு வழி சொல்கிற பிள்ளைக்கு, பெற்றவள் ஒரு வரி சொல்லமாட்டேன் என்கிறாளே என்று இருந்திருக்கும். பிறகு கை கழுவ எழுந்தவன் சாதாரணமாகச் சொன்னாய்: "ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வந்துருவேம்மா. அப்பாவுக்கு ஒண்ணுன்னப்ப நீங்க வராம இருந்த மாதிரி இருக்க மாட்டேன்." நீ குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாய். அதனால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த ரியாத் வேறு, நீ போகிற ரியாத் வேறு. இப்போது அங்கே பெண்கள் கார் ஓட்டுகிறார்களாம், சினிமாக் கொட்டகை இருக்கிறதாம். இருந்தாலும் ஊர் மாறுகிற வேகத்தில் வீடு மாறாது, நம் தேயிலைத் தோட்டத்தையே பார்க்கிறாய் அல்லவா. அதனால் கொஞ்சம் அடக்கமாகவே இரு. அரைக்கால் சட்டையை அறைக்குள்ளே வைத்துக்கொள். பெண்களோடு பேச நேர்ந்தால் நீயாகக் கையை நீட்டாதே, அவர்கள் நீட்டினால் கொடு. ஒருவர் வீட்டாரைப் பற்றிக் கேட்கும்போது மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்காதே, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேள். கொடுப்பதும் வாங்குவதும் வலது கையால். தொழுகிற ஒருவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதே, சுற்றிப் போ. தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருந்தால் கதவைத் தட்டாமல் நின்றுகொள், கொஞ்ச நேரத்தில் திறப்பார்கள். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் தண்ணீர்கூடக் குடிக்காதே, சிகரெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, நீ பிடிப்பதில்லை என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

காப்பி சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும், ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பொருளைப் பார்த்து ரொம்ப அழகாக இருக்கிறது என்று புகழாதே, கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள், பிறகு உனக்குத்தான் சங்கடம். பெண்கள் இருக்கிற பக்கம் போனைத் தூக்கிப் படம் எடுக்காதே. அரசாங்கக் கட்டடங்களையும் எடுக்காதே. வெற்றிலை, புகையிலை எதையும் பெட்டியில் வைக்காதே. உன் இருமல் மருந்துக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொள். கசகசா ஒரு சிட்டிகைகூட அந்த நாட்டுக்குள் போகக்கூடாது, அதைப் போதை மருந்தாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உனக்கு இடித்து வைத்திருக்கிற மசாலாத்தூளில் கசகசா போடவில்லை. ருசி குறைந்தால் என்னைத் திட்டாதே.

இதெல்லாம் யாரும் சொல்லித்தரக்கூடியவை. நான் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அங்கே உன் சொந்தப் பெயரோடு, நீ யாரோ அவனாகவே இரு.

நான் அப்படி இருக்கவில்லை. அப்போது உனக்கு ஆறு வயது. காற்று மாதத்தில் நாம் குடியிருந்த ஒற்றை அறை லயக் காம்பராவின் கூரைத் தகரம் பறந்துபோய், ஒரு மாதம் பிளாஸ்டிக் விரிப்பின் கீழே இருந்தோம். உனக்கு நெஞ்சுச்சளி. வெளிநாட்டுக்குப் போய்வந்தால் நிலைமை மாறும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன், உன் அப்பா இல்லை. ஹட்டன் டவுனில் இருந்த ஏஜென்சிக்காரர் என் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்துப் பெயர் என்றால் வீடு கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ, முஸ்லிம் பெயர் என்றால் அடுத்த மாதமே பயணம் என்றார். எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள், அங்கே போனபிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பாஸ்போட்டில் நான் ரஹீமா ஆனேன். அவருக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்று நாள் உட்கார்ந்து எனக்கு ஸலாம் சொல்லவும், கலிமா சொல்லவும், தொழுகையில் எப்போது நிற்பது, எப்போது குனிவது என்றும் சொல்லிக்கொடுத்தாள். படித்த பிள்ளை, சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாய் என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

உன் அப்பாவிடம் சொன்னேன். மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்குகிற குடும்பம் அவருடையது. "போறதுன்னு முடிவு பண்ணிட்டே. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். தம்பிக்குக்கூடச் சொல்லாத" என்றார். நானும் அதுதான் சரி என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போகிற வீட்டு டெலிபோன் நம்பரைக் காம்பராக் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதி வைத்தார். நம்பர் மட்டும்தான் எழுதினார், பெயர் எழுதவில்லை.

அந்த வீட்டைப் பற்றிக் கெட்டதாகச் சொன்னால் என் வாய் வெந்துபோகும். வீட்டம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். எனக்குத் தனி அறை தந்தார், அவர்கள் சாப்பிட்டதையே நானும் சாப்பிட்டேன். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போனால் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவார்கள். அது அங்கே வழக்கம், என்னைக் காப்பாற்றத்தான் பூட்டுகிறோம் என்றார்கள். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் தெரியும், வெளி தெரியாது. துணி காயப்போட மாடிக்குப் போனால் ஆள் உயரச் சுவருக்கு மேலே ஒரு துண்டு வானம். மலையிலேயே பிறந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை பத்து மைல் போய் வருகிற ஊரில் வளர்ந்தவள் நான். எனக்கு மூச்சு முட்டும். மழைச்சாரல் உள்ளே அடிக்கிறபோதும் நான் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று நீ திட்டுவாயே, அதற்குக் காரணம் இதுதான். இத்தனை வருடத்தில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றால், சொல்லியிருக்க மாட்டேன்.

கதவுப் பூட்டைவிடப் பெரிய பூட்டு அந்தப் பெயர். ரஹீமா என்றால் ரஹீமாவாக இருக்க வேண்டும். ஐந்து வேளை தொழுதேன். நோன்பு மாதத்தில் விலக்கு நாட்கள் போக எல்லா நாளும் நோன்பு பிடித்தேன், ஒன்றுகூட ஏமாற்றவில்லை. அது வீட்டம்மாவின் மனதைத் தொட்டுவிட்டது. பெருநாள் முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு பக்தியாக இருக்கிறாய், உன்னையும் எங்களோடு மக்காவுக்கு உம்ரா யாத்திரை செய்ய அழைத்துப் போகிறோம் என்றார். தன் கையால் தைத்த வெள்ளை உடுப்பையும் கொடுத்தார். அந்தப் பயணம் கிடைக்காதா என்று எத்தனை ஏழைப் பெண்கள் ஏங்கிச் சாகிறார்கள், உனக்கு வீடு தேடி வந்திருக்கிறது என்று சொல்லி அவரே அழுதார். முஸ்லிம் அல்லாதவர்கள் அந்த எல்லைக்குள் போகக்கூடாது. பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயம் பாதி. மற்றப் பாதி, பொய்யைக் கட்டிக்கொண்டு இன்னொருவருடைய சாமி வாசலில் போய் நிற்பதா என்ற பயம். சாமி எல்லாம் ஒன்று என்று கோயிலில் நின்று சொல்வது சுலபம், அந்த வெள்ளை உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

மாதவிலக்கு என்று சொன்னேன். அந்த நாட்களில் பெண்கள் அங்கே காபாவைச் சுற்றி வரக்கூடாது என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை, ஏழு நாள் பொறுத்துப் போவோம் என்றார்கள், எனக்காகப் பயணத்தையே தள்ளிப்போட்டார்கள். அந்த ஏழு நாளும் நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தக் கடதாசி போதாது. புறப்படுகிற அன்று காலை, தேநீருக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை என் இடது காலில் நானே ஊற்றிக்கொண்டேன். அந்தத் தழும்பைப் பார்த்து நீ கேட்டபோதெல்லாம் எண்ணெய் தெறித்தது என்று சொன்னேன். அவர்கள் என்னை வீட்டம்மாவின் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து, அங்கிருந்து கொண்டுவந்த புனித ஸம்ஸம் தண்ணீரை வீட்டம்மா என் காலடியில் உட்கார்ந்து புண்ணில் தடவிவிட்டார். எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று என்னைவிட அவர்தான் அழுதார். வெந்த கால் அவ்வளவு வலிக்கவில்லை மகனே.

அதற்குப் பிறகு அடுத்த வீட்டில் வேலை செய்த பெண்ணைப் பொய்க் கடதாசியில் வந்தவள் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மணி அடித்தால் தூக்கிப்போடும். அப்படி இருந்த ஒரு நாளில் டெலிபோன் வந்தது. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வீட்டம்மா பேசிவிட்டு வைத்தார். உன் நாட்டிலிருந்து யாரோ, இந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளா என்று கேட்கிறார்கள், உனக்குத் தெரியுமா என்று என்னிடம் ஒரு பெயரைச் சொன்னார். அது என் பெயர். என் அம்மா வைத்த, உன் அப்பா கூப்பிடுகிற பெயர். அரபு வாயில் கொஞ்சம் நசுங்கியிருந்தது, ஆனால் என் பெயர்தான். பொலிஸ் விசாரிக்கிறது என்று நினைத்தேன். தெரியாது என்றேன்.

அடுத்த நாளும் அதே அழைப்பு வந்தது. இந்த முறை வீட்டம்மா கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார், பிறகு லைன் அறுந்துவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம், அந்தப் பெண்ணுடைய வீட்டில் யாரோ இறந்துவிட்டார்களாம், அவளைத் தேடுகிறார்கள், நம்பரை எங்கேயோ தவறாக எழுதியிருக்கிறார்கள் என்றார். அவளை உனக்கு நிச்சயமாகத் தெரியாதா என்று மறுபடி கேட்டார். நான்தான் என்று சொன்னால் பெயர் பொய், தொழுகை பொய், நோன்பு பொய், அவர் கீழே உட்கார்ந்து தண்ணீர் தடவிவிட்ட கால் பொய். தெரியாது என்று மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகு நான்கு நாள் நான் அந்த வீட்டில் சமைத்தேன், துணி துவைத்தேன், தொழுதேன். செத்தது உன் அப்பாவா நீயா என்று தெரியாமல் நான்கு நாள் மாவு பிசைந்தேன்.

ஐந்தாவது நாள் வீட்டம்மா முன்னால் போய் நின்று, அந்தப் பெயர் என்னுடையது என்றேன். அவர் கத்தவில்லை. என் காலைப் பார்த்தார். தண்ணீரை நீயாகவா ஊற்றிக்கொண்டாய் என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் டெலிபோனை என் பக்கம் தள்ளிவிட்டார். காசு கொடுத்து டெலிபோன் பேசுகிற டிக்கோயா கொமினிகேஷன் கடைக்குப் பேசி, ஆள் அனுப்பி, மறுநாள் உன் சித்தப்பா வந்து ரிசீவரை எடுத்தார். "அண்ணன் போயிட்டாரு அண்ணி. மலையில தேயிலை கவ்வாத்து வெட்டுறப்ப குளவி கலைஞ்சு கொட்டிருச்சு. புள்ளதான் கொள்ளிக்குடம் தூக்குச்சு" என்றார். இப்போது நான் எழுதப்போவதை வாசிக்கும்போது என்னை நீ எப்படி நினைத்தாலும் சரி. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. செத்தது நீ இல்லை என்ற நிம்மதி. உன் அப்பாவுக்கு நான் அந்த ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

சித்தப்பா பிறகு கேட்டார்: "நம்பர் சரியாத்தானே இருந்துச்சு. அரபு தெரிஞ்ச அக்காவ கூட்டிட்டுப் போயித்தான் பேசச் சொன்னேன். ஏன் அண்ணி அப்படி ஒரு ஆளே இல்லேன்னாங்க?" பெயர் மாறிய கதையை அவரிடம் சொன்னேன். கேட்டபோது தெரியாது என்று சொன்னது நான்தான் என்பதை அவரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உடனே ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பொய்ப் பெயரில் ஒருத்தியை வைத்திருந்தோம் என்று தெரிந்தால் எங்களுக்கும் கேள்வி வரும், ஒப்பந்தம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இரு என்றார். பாஸ்போட் அவருடைய இரும்பு அலமாரியில் இருந்தது. இன்னும் பதினேழு மாதம் இருந்தேன். விருந்தாளிகள் வந்தால் அவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்க ரஹீமா தொழுதாள். யாரும் வராத நாளில் தொழுகை நேரத்தில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா அதற்குப் பிறகு என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. சாப்பாடு மட்டும் முன்போலவே சமமாக வைத்தார். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது, காசுதான் பெரிதென்று புருஷன் சாவுக்குக்கூட வராதவள் என்று லயத்தில் பேசினார்கள். நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உண்மை அதைவிடக் கேவலமாக இருந்தது, அதனால் நான் மறுக்கவில்லை. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் சாவுக்கு வந்து சேர்ந்திருப்பேனா என்பது எனக்குத் தெரியாது. அநேகமாக முடிந்திருக்காது. ஆனால் உன்னோடு பேசியிருப்பேன். அந்தக் குடத்தைத் தோளில் வைப்பதற்கு முன்னால் ஏழு வயதில் நீ உன் அம்மாவின் குரலைக் கேட்டிருப்பாய். அதை உனக்கு இல்லாமல் ஆக்கியது ஏஜென்சிக்காரர் இல்லை, அந்த வீட்டார் இல்லை, அந்த ஊர் இல்லை. நான்.

அதனால் சொல்கிறேன், அந்த மனிதர்களுக்குப் பயப்படாதே. மதத்தைக் கேட்டால் இந்து என்று சொல். அதற்காக உன்னை யாரும் கடித்துத் தின்னமாட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் பாசத்தில் மக்காவுக்குக் கூப்பிட்டால், எனக்கு அந்த இடத்துக்கு வர அனுமதி இல்லை, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல். சந்தோஷப்படுவார்கள். அந்தப் பாதையில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வேறு வழி காட்டும் பலகை இருக்கும், வேடிக்கைக்குக்கூட அதைத் தாண்டாதே. பாஸ்போட்டை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள், பிரதி ஒன்றைச் சித்தப்பாவிடம் கொடுத்து வை. நல்லவர்களிடம் பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வதைப் போல ஒரு சிறை இல்லை. கெட்டவர்கள் என்றால் ஓடவாவது தோன்றும்.

நேற்று உன் சட்டைகளை மடித்து வைக்கும்போது நீ வேலைக்குப் போகிற ரியாத் ஹோட்டல்காரர்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதியிருக்கிறாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர், தேடினால் கிடைக்கிற மனிதர். அதை அடிக்க வேண்டாம். அதற்குக் கீழே இடம் இருக்கிறது. அங்கே என் பெயரையும் எழுது, என் பெயர், உன் பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயர். போன் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், யார் எந்தப் பாஷையில் அந்தப் பெயரைக் கேட்டாலும், நான்தான் என்று சொல்வேன்.